கரவெட்டியில் ஓர் ஒன்றுகூடலும் ஸாஹிராவின் வாங்கும்

பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததற்காக எங்கள் தமிழ்ச் சிறப்புக்கலை வகுப்பு அண்மையில் கரவெட்டியில் கூடியது. ஊரைத் தெரிவு செய்ததற்குப் பெரிய காரணமெதுவும் இல்லை. நண்பரொருவரின் வீடு அங்கே, வளவும் பெரியது. ஆனால் வல்லை வெளியைத் தாண்டி நெல்லியடியை நெருங்கும்போது என் நினைவில் நின்றவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பிதான். அது அவருடைய ஊர்.

1932 இல் கரவெட்டியில் பிறந்த சிவத்தம்பி, அவ்வூர் விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்தபின் கொழும்பு ஸாஹிராவுக்கு வந்தார். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அங்கு அதிபராயிருந்த காலம் அது. பேராதனையில் பட்டம் பெற்றபின் அதே ஸாஹிராவில் ஆசிரியராகவும் இருந்தார். சைவப் புலமை மிக்க தகப்பனின் மகன், 1892 இல் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று தொடங்கிய ஒரு முஸ்லிம் பாடசாலையில் முதலில் மாணவன், பிறகு ஆசிரியர்.

இதன் மறுபக்கத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அஸீஸ் 1911 இல் பிறந்தது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பிள்ளை வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1948 இல் ஸாஹிராவைப் பொறுப்பேற்று 1961 வரை நடத்தினார். ஆக, இந்துக் கல்லூரி ஒன்று ஆளாக்கிய முஸ்லிம் அதிபரின் கீழ், கரவெட்டி இந்துப் பையன் ஒருவன் படித்திருக்கிறான்.

நினைவுக் கூட்டங்களில் இதை 'இன நல்லுறவு' என்று சொல்லிக் கைதட்டுவோம். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு பிடிப்பில்லை. நல்லுறவு வளர்க்கவென்று யாரும் பாடசாலைக்குப் போவதில்லை; சோதினை பாஸ் பண்ணத்தான் போகிறோம். உறவு என்பது ஒரே வாங்கில் இருந்து, ஒருவரின் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதும்போது தன்பாட்டில் வருவது. பின்னாளில் சிவத்தம்பி முஸ்லிம் எழுத்தாளர்களோடு கொண்டிருந்த நெருக்கத்துக்கு மார்க்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்வோர் மருதானையின் அந்த வாங்கை மறந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1978 இல் சிவத்தம்பி அங்கு போனபோது, கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமானும் அங்கேதான் கற்பித்துக்கொண்டிருந்தார். நுஃமானும் குருநகர் அ. யேசுராசாவும் சேர்ந்து தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984 இல் வந்தது. முஸ்லிம் ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் சேர்ந்து செய்த தொகுப்பு என்று அதை அப்போது எவரும் விசேஷமாகக் குறிப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அது எவ்வளவு நல்ல காலம்!

பிறகு வாங்குகளே உடைந்தன. 1987 மே மாதம் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாகி, யூலை 5 இல் கரும்புலித் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது நடந்தது 30ஆம் திகதி. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் அந்தத் தவணை முடியவேயில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கரவெட்டி நண்பரிடம் அவருடைய பாடசாலை வகுப்பு எப்போது கூடும் என்று கேட்டேன்.

"எங்கட வகுப்பு கூடுறதெண்டால் ரொறன்ரோவிலதான் மச்சான் கூடவேணும். இஞ்ச மிஞ்சியிருக்கிறது நானும் இன்னும் ரெண்டு பேரும்" என்றார்.

கனடா போனவர்கள் அங்கே மண்டபம் எடுத்துக் கூடுகிறார்கள், மலரும் போடுகிறார்கள். ஊர்ப் பாடசாலையிலும் ஏதோ ஒரு பதிவேடு எஞ்சியிருக்கும். 1990 இல் கலைந்துபோன நம்முடைய வகுப்புகளுக்கு அந்த வசதியும் இல்லை. புத்தளத்தில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பில் இருந்தவர். அவரிடம் வகுப்புப் படமில்லை, தேர்ச்சி அறிக்கையும் இல்லை. அவர்கள் கையில் வந்தது ஒரு பைதான்.

எங்கள் ஆய்வாளர்கள் வெளியேற்றத்தைப் பற்றி எழுதும்போது குடும்பம், காணி, கடை என்று கணக்கெடுத்தார்கள். அது தேவையானதுதான். வகுப்பு வாரியாக எவரும் எழுதவில்லையே என்பது ஓர் ஆசிரியனான எனக்குக் குறையாகப்படுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது. மறதி தொடங்கும் காலம்.

அந்த ஆசிரியை தன் வகுப்பை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார். கல்யாண வீட்டில், மையத்து வீட்டில் பழைய தோழிகளைக் கண்டால் கேட்டுப் பெயர் சேர்க்கிறார். யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன கிழமை காட்டினார்: பெரும்பாலான கட்டங்கள் நிரம்பிவிட்டன. இரண்டாம் வரிசையில் யன்னலோரம் இருந்த பிள்ளைக்கு மட்டும் "சோனகத் தெரு, தையல்காரரின் மகள்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்.