மங்களூர் ஓடும் பாசல் மிஷனும்

தமிழகத்துப் பழைய வீடுகளின் கூரையிலிருந்து ஓடொன்றைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், ‘பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, 1865’ என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகள் புடைத்து நிற்பதைச் சிற்சில இடங்களில் காணலாம். சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் நம் முன்னோர் வழங்கிய அப்பொருளின்மீது ஒரு சமயச் சங்கத்தின் பெயர் ஏறியது எவ்வாறு? கூரைக்குக் கீழே வாழ்ந்தோர் பெரும்பாலும் கேளாத கேள்வி இது. ஆனால் அச்சங்கத்தினுள் இக்கேள்வி நெடுங்காலம் பூசலாகவே இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815ஆம் ஆண்டு தோன்றியது இம்மிஷன். அந்நகரத்து வணிகக் குடும்பங்களும், அண்டையிலுள்ள ஜெர்மானிய வூர்ட்டெம்பர்க் நாட்டு உழவரும் கைவினைஞரும் அதனைத் தாங்கினர். பகுத்தறிவு வாதத்தையும் பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளையும் ஐயுற்றுப் பழைய வேதநெறியைப் பற்றிநின்ற பக்தர்கள் அவர்கள். குடியும் சூதும் பாவம். ஓய்வுநாளில் வேலை பாவம். சோம்பலும் ஏறக்குறைய அவ்வாறே. உழைப்பு அவர்களுக்கு வயிற்றுப்பாடு மட்டுமன்று, வழிபாட்டின் ஒரு கூறு. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இந்த நம்பிக்கையே எனலாம்.

1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் ஆங்கிலேயரல்லாத பாதிரிமார்க்கும் இந்தியாவின் கதவைத் திறந்தது. மறு ஆண்டே ஹெபிக், லேனர், கிரைனர் என்னும் மூவர் மேலைக் கடற்கரையில் வந்திறங்கி மங்களூரில் தங்கினர். தென் கன்னடமும் மலையாளக் கரையும் அன்று சென்னை மாகாணத்தின் பகுதிகள். அவர்களைத் தொடர்ந்து வந்த ஹெர்மன் குண்டர்ட் தமிழும் கற்றவர். திருநெல்வேலிச் சீமையிலும் சித்தூரிலும் பணிபுரிந்த பின்னரே அவர் தலைச்சேரி சென்றார். அவருடைய மலையாள அகராதி 1872இலும், கிட்டல் பாதிரியாரின் கன்னட அகராதி 1894இலும் வெளிவந்தன. கன்னடத்தின் முதற் செய்தித்தாளாகிய ‘மங்களூர சமாசார’த்தை 1843இல் தொடங்கியவர் மோக்லிங். மொழித்தொண்டைப் பலரும் போற்றியுள்ளனர். ஆதலின் அதனை இவ்வளவில் நிறுத்துகின்றேன்.

உண்மையான இடர் வேறிடத்தில் எழுந்தது. துளு நாட்டில் பில்லவரும், மலையாளக் கரையில் தீயரும் பலர் இச்சபையிற் சேர்ந்தனர். சேர்ந்தவன் குடும்பத்தையும் சாதியையும் இழந்தான். நிலக்கிழாரின் குத்தகையையும் பலகால் இழந்தான். கள்ளிறக்குதல் புதிய நெறிக்கு ஒவ்வாதென்றதால் குலத்தொழிலும் போயிற்று. ஞானஸ்நானம் தந்த கையே சோற்றுக்கும் வழிகாட்ட வேண்டியதாயிற்று. பயிர்த்தொழிற் குடியிருப்புகள் அமைத்தனர். கடிகாரத் தொழிலையும் முயன்று பார்த்தனர். அவை நிலைக்கவில்லை. நெசவு நிலைத்தது. 1851இல் வந்த ஹாலர் என்பார் ஐரோப்பியத் தறிகளை நிறுவினார். மங்களூர், கண்ணனூர், கள்ளிக்கோட்டை நெசவாலைகளின் துணிக்குப் பெயர் ஏற்பட்டது. காக்கிச் சாயமே அவர் கண்டுபிடிப்பென்று பெருமையாகச் சொல்வதுண்டு. ஆயினும் பஞ்சாப் எல்லைப் படையினர் அதற்கு முன்பே மண்ணிற உடையை உடுத்தினர் என்பதை மறத்தலாகாது.

ஓட்டைக் கொணர்ந்தவர் பிளெப்ஸ்ட். அச்சகப் பணிக்கு வந்த அவ்வியந்திர வல்லுநர், நேத்திராவதிக் கரைக் களிமண்ணின் தன்மையை ஆராய்ந்து, ஜெப்பு என்னுமிடத்தில் 1865இல் தொழிற்சாலை எழுப்பினார். ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் காடியிற் பொருந்தும் ஐரோப்பிய முறையை இம்மண்ணில் வார்த்ததே அவர் செய்த புதுமை. நாட்டோட்டைக்காட்டிலும் இது குறைந்த எண்ணிக்கையிற் கூரையை மூடும்; ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய கீற்றுக்கும் வைக்கோலுக்கும் இதனால் விடை கொடுக்கலாம்; தீயச்சமும் குறையும். ஆற்றின் களிமண், மலையடிவாரத்து விறகு, வாயிலிலேயே கடல்வழி ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடியிருந்தன. பின்னர்க் கோடக்கல், பாலக்காடு, பேரோக்கு முதலிய ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. உள்ளூர் முதலாளிகளும் அத்தொழிலைக் கற்றுத் தாமே சூளை தொடங்கினர்.

பாசலிலிருந்தோர் 1859இல் வாணிகக் கழகம் ஒன்றைத் தனியே நிறுவினர். பங்கு போட்டவர்க்கு வரையறுத்த வட்டி. மிகுந்த இலாபம் மிஷனுக்கு. ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையிலும் இக்கழகம் கடை விரித்தது. அங்கு ஐரோப்பிய வணிகர்க்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்த சாராயத்தை விற்க மறுத்தது. கொள்கைக்காக இலாபத்தை விட்டுக்கொடுத்த வணிகரை வரலாற்றில் அடிக்கடி காண்பதற்கில்லை. இதனை நாம் மனமாரப் பாராட்டலாம்.

எனினும் போதகர் பலருக்கு ஆலைகள் உவப்பாயில்லை. வேலைக்காகவே மதம் மாறுவர் என்றனர் சிலர். கணக்கேடு வேதத்தை விழுங்கிவிடும் என்றனர் வேறு சிலர். அவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. பிரார்த்தனையோடு நாள் தொடங்கும் ஆலையில் கங்காணியும் வெள்ளைக்கார மேலாளரும் சபையின் ஒழுக்கத்தையும் காத்தனர். குடித்துவிட்டு வந்தவன் முதலாளிக்கும் குற்றவாளி, கோயிலுக்கும் குற்றவாளி. சேமிப்பும் நோய்க்கால உதவியும் அங்கே இருந்தன, சாதி பாராத பந்தியும் இருந்தது. ஆனால் கூலியைப் பற்றி முறையிட எண்ணியவன் தன் போதகர்க்கு எதிராக நிற்க வேண்டியிருந்தது. தந்தைபோல் காப்பவரிடம் உரிமை கேட்பது எளிதன்று. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, ஆலை தந்த குடியிருப்பில் வாழ்ந்தறிந்த நம்மவர்க்கு இந்நிலை புரியாததன்று.

பிற மதத்தினரும் அவ்வாலைகளில் வேலை செய்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆலை பெருகப் பெருக, சபைக்குள் மட்டும் ஆள்தேடுதல் இயலாதாயிற்று. தொழிலுக்கும் சபைக்கும் எல்லை வகுப்பது எங்ஙனம் என்னும் வழக்கு அரை நூற்றாண்டாகியும் முடிவுறவில்லை.

அதனை முடித்து வைத்தது உலகப் போர். 1914இல் போர் மூண்டதும், ஜெர்மானியப் பணியாளர் பகைநாட்டவராயினர். பலர் காவலில் வைக்கப்பட்டு, பின் தாயகம் அனுப்பப்பட்டனர். ஆலைகளை ஆங்கில அரசு மேற்கொண்டது. 1919இல் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் ஆங்கில நிறுவனத்தின் கைக்கு அவை மாறின. சபைகள் வேறு பொறுப்பிற் சென்றன. அதுமுதல் சூளையில் நின்ற தொழிலாளிக்கு மேலாளர் வேறு, போதகர் வேறு.