தீக்காயமும் மயக்கத்துக்கு முந்தைய ஆக்சிஜனும்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலை விபத்துகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உரிமம், ஆய்வு, இழப்பீடு என்பதோடு நின்றுவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தபோதும் அப்படித்தான். உயிரோடு மீட்கப்பட்டவரோ கருகிய தோலை அகற்றவும் புதுத்தோல் ஒட்டவும் பலமுறை அறுவை அரங்குக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் பொது மயக்கத்துக்கு முன் அவருக்கு ஆக்சிஜன் கொடுக்கிறோம். போதிய அளவு சேர்ந்ததா என்பதை அவர் விடும் மூச்சில் உள்ள ஆக்சிஜனை அளந்தே முடிவு செய்ய வேண்டும். கடிகாரத்தையும் விரல்நுனிக் கருவியையும் நம்பியிருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் செலுத்தியதும் மூச்சு நிற்கிறது. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தும்வரை நுரையீரலில் உள்ள கையிருப்பே ஆதாரம். நலமான பெரியவர் மூச்சை விட்டபின்னும் சுமார் 2.5 லிட்டர் காற்று உள்ளே தங்கும். அதில் 90 விழுக்காட்டை ஆக்சிஜனால் நிரப்பினால் 2,250 மில்லி. நிமிடத்துக்கு 250 மில்லி செலவானால் ஒன்பது நிமிடம் வரை தாங்கும். மூன்று நிமிடம் இயல்பாக மூச்சு வாங்கினால் போதும் என்ற விதி, இப்படிப்பட்ட நுரையீரலையும் இறுக்கமாகப் பொருந்திய முகமூடியையும் வைத்துக் கண்டது.

பரந்த தீக்காயத்தில் இந்தக் கணக்கு குலைகிறது. முதல் இரண்டொரு நாள் கழிந்ததும் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறத்தொடங்கி இருமடங்கை நெருங்கக்கூடும். நெஞ்சைச் சுற்றி இறுகிய கருகல் தோல் நுரையீரலை விரியவிடாது. தங்கும் காற்று 1.5 லிட்டராகச் சுருங்கி, செலவு 500 மில்லியானால், முழுமையாக நிரப்பியும் மூன்று நிமிடம் தேறாது. முகப்புண்ணின் மேல் முகமூடியை அழுத்த முடியாமல், களிம்பு வழுக்கி, ஓரத்தில் கசிந்து 60 விழுக்காடே சேர்ந்திருந்தால் இரண்டு நிமிடம்கூட இல்லை. வீங்கிய தொண்டையில் குழாயை அதற்குள் செலுத்தியாக வேண்டும். கடிகாரமோ இவருக்கும் நலமானவருக்கும் ஒரே மூன்று நிமிடத்தைத்தான் காட்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்தத்தின் நிலையைச் சொல்லும். நுரையீரலின் கையிருப்பை அது அறியாது. அறைக்காற்றில் 98 காட்டியவருக்கு அது 100 ஆனதும் நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கும். வெட்டவெளியில் மணி மருந்து எனும் பட்டாசுக் கலவை வெடித்துக் கருகியவரிடம் இந்த ஐயம் குறைவு. புகை மண்டிய அறைக்குள் அடைபட்டவரிடம் மிகுதி. அறைக்காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும், தூய ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. ஆகவே 108 வண்டியிலேயே ஆக்சிஜனைத் தொடங்கிவிட வேண்டும்.

வெளிமூச்சு அளவி 90-ஐத் தொட்டால் கையிருப்பு நிரம்பியது; 70-இல் நின்றால் கசிவைத் தேட வேண்டும், தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், காத்திருக்க வேண்டும். உள்மூச்சையும் சேர்த்து அளக்கும் கருவி, ஆக்சிஜனுக்குப் பதில் வேறு வாயு வரும் மற்றோர் ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். 2011-இல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. கோமாவில் விழுந்த அவர் மறு ஆண்டு இறந்தார்.

தூய ஆக்சிஜன் நுரையீரலின் நுண்ணறைகளைச் சுருங்கவைக்கிறது, 80 விழுக்காடு போதும் என்று வாதிடுவோர் உண்டு. சுருக்கம் உண்மைதான். ஆனால் குழாய் பொருத்தியபின் அழுத்தம் கொடுத்து அவற்றை விரிக்கலாம். ஆக்சிஜன் இல்லாமல் கெட்ட மூளையை மீட்க வழியில்லை. தீக்காயம் பட்டவரிடம் இதைப் பேரம் பேசக் கூடாது.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மயக்கம் கொடுக்குமுன் கண்ட வெளிமூச்சு ஆக்சிஜன் அளவை ஒவ்வொரு நோயாளியின் பதிவேட்டிலும் எழுதும் வழக்கத்தை அதன் மயக்கவியல் துறை தொடங்கிவைத்து, சிவகாசி, சாத்தூர் அறுவை அரங்குகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.