உலோக ஒட்டிணைப்புகளில் குறைபாடுகள்

தறையாணியும் பற்றவைப்பும் இல்லாமல், பசையால் உலோகத் தகடுகளைச் சேர்ப்பது ஒட்டிணைப்பு. பசைப்படலத்தில் சிக்கிய காற்றுக்குமிழி, பசை பரவாத இடம், சரியாக இறுகாத பசை, தகட்டின் மேல் தங்கிய ஈரம் அல்லது எண்ணெய் ஆகியவை இதன் முக்கியக் குறைபாடுகள். ஒரு குறை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எங்கே இருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலும் இணைப்பின் வலிமையை முடிவுசெய்கிறது.

இதன் அடிப்படைக் கணக்கு, உலோக விமானங்களில் பசை பரவலாகும் முன்பே கிடைத்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகளை இழுக்கும்போது சுமை சீராகப் பரவாமல் இரு ஓரங்களில் குவிகிறது என்று 1938இல் ஜெர்மானியர் ஃபோல்கர்சன் காட்டினார். அந்த இழுப்பில் தகடு வளைவதால் ஓரத்தில் உரிக்கும் விசையும் எழுகிறது என்பதை 1944இல் கோலண்டும் ரைஸ்னரும் கணக்கிட்டனர். நீளமான இணைப்பின் நடுப்பகுதி மிகக் குறைந்த சுமையையே தாங்குகிறது. அங்கே பசை இல்லாத இடம் சற்றுப் பெரிதாக இருந்தாலும் வலிமை அதிகம் குறையாது. ஓரத்தில் அதே அளவு குறை ஆபத்தானது. வழக்கமான சோதனைத் துண்டில் தகடுகள் 12.7 மில்லிமீட்டர் மட்டுமே படிந்திருக்கும். அதில் சுமையற்ற நடுப்பகுதி என்று சொல்ல அதிக இடமில்லை. ஆகவே அதில் கிடைக்கும் எண்ணை அப்படியே உண்மையான இணைப்புக்குப் பொருத்துவது தவறு.

1940களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் ‘ரெடக்ஸ்’ பசையை உருவாக்கினார். டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஹார்னெட், டவ், காமெட் விமானங்கள் அதைப் பயன்படுத்தின. வெப்பமும் அழுத்தமும் தந்து இறுக வைக்கப்பட்ட அந்தப் பசை நீண்டகாலம் உழைத்தது.

மாறாக, போயிங் 737இன் முதல் விமானங்களில் தறையாணிகளோடு அறை வெப்பத்திலேயே இறுகும் பசைத்துணியும் கையாளப்பட்டது. அதைக் குளிரில் சேமிக்க வேண்டும். குளிரிலிருந்து வெளியே எடுக்கும்போது காற்றின் ஈரம் அதன்மேல் படிந்தால், பிடிப்பு பலவீனமாகும். பிறகு நீர் உள்ளே புகுந்து அரிப்பை வளர்க்கும். 1972இல் போயிங் இம்முறையைக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன் கட்டிய விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றான அலோஹா ஏர்லைன்ஸ் விமானம், 89,680 பறப்புகளுக்குப் பின், 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் வானில் 24,000 அடி உயரத்தில் கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பசை விட்டுப்போனதால் சுமை முழுவதும் தறையாணித் துளைகளின் கூர்மையான விளிம்புகளில் இறங்கி, களைப்பு விரிசல்களை வளர்த்திருந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். பசை விட்டதையும் விரிசலையும் பராமரிப்புப் பணி கண்டுபிடிக்கத் தவறியதை 1989ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு இந்தச் செய்தி தொலைவானதல்ல. அங்குள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி கிளம்பியது; விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அங்கிருந்து வளர்ந்தது. ஏவூர்திகள் கொண்டுசெல்லும் செயற்கைக்கோள்களின் உடற்பலகைகளில் மெல்லிய அலுமினியத் தகட்டைத் தேனடை அமைப்பின்மீது பசையே பிடித்திருக்கிறது. இரு பருவமழைகளும் நனைக்கும் இந்தக் கடலோரக் காற்றில், ஈரம் கட்டுப்படுத்திய அறை இல்லாமல் இப்படிப்பட்ட ஒட்டுவேலை செய்வது அறிவுடைமையாகாது. பலகையின் உள்ளே காற்று சிக்கினாலும் ஆபத்துதான்: வெற்றிடத்தில் அது விரிந்து தகட்டைத் தள்ளும். அதனால்தான் தேனடைச் சுவர்களில் நுண்துளை இடுகிறார்கள்.

குமிழியையும் பிரிவையும் நாணயத்தால் தட்டியோ மீயொலியாலோ கண்டுபிடிக்கலாம். தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தும் பிடிக்காத பசைதான் பெரும் சிக்கல்; மீயொலி அதைப் பெரும்பாலும் நல்ல இணைப்பாகவே காட்டும். அதைத் தவிர்க்கும் வழி ஒட்டுவதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தில் மின்னாற்பகுப்பு செய்து அலுமினியத்தில் நுண்துளைகள் கொண்ட ஆக்சைடு படலத்தை வளர்க்கும் போயிங் முறை, 1970களில் இதற்காகவே பரவியது. ஒட்டிய துண்டில் ஆப்பைச் செருகி, ஈரமான வெப்பத்தில் வைத்து, விரிசல் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதே பரப்பு ஒழுங்காகத் தயாரானதா என்று சொல்லும் நம்பகமான சோதனை.