டயருக்கும் உண்டு மறுவாழ்வு

பழுதான கார் டயரை ஒட்டிப் பயன்படுத்துவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? பட்டறை வாசலில் நின்று நாம் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஜாசின் வட்டாரத்தாருக்கும் அதில் பங்கு உண்டு.

காற்றடைத்த டயரை 1888இல் டன்லப் உருவாக்கினார். அது சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஆணி குத்தினால், பிரித்து ஒட்டிக் காயவைக்கவே பல மணி நேரம் பிடிக்கும். பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்ப்பதைச் சுலபமாக்க நினைத்ததால் பிறந்த முன்னேற்றம் அது!

கார்கள் பெருகின; ரப்பர் தேவையும் பெருகியது. மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து நம் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. விடியுமுன் எழுந்து நம் முன்னோர் வெட்டிய பால், கடல் கடந்து டயராக உருண்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. நம் ரப்பர் போகாததால் மேலை நாடுகள் திணறின. அமெரிக்கா 1942 ஜனவரியில் டயருக்குப் பங்கீடு கொண்டுவந்தது. டயர் தேயாமலிருக்க வாகன வேகத்தையும் மணிக்கு 35 மைலாகக் குறைத்தது. தேய்ந்த டயரில் புது ரப்பரைச் சூடேற்றிப் பதிக்கும் தொழில் அங்கே செழித்தது. 'செலுப் டயர்' என்கிறோமே, அதுதான்.

இங்கே நிலைமை தலைகீழ். மரங்கள் நின்றன, வாங்குவாரில்லை. கூலியும் அரிசியும் இல்லாமல் தோட்டங்கள் வாடின. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அங்கே ஒரு டயரைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். அந்த ரப்பரைத் தந்த உயிர்களைக் காப்பாற்ற இங்கே யாருமில்லை.

தமிழ்நாட்டிலும் டயர் புதுப்பிக்கும் தொழில் வேரூன்றியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் அதற்கான தொழிற்சாலைகளை நிறுவினார். சென்னை திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் டயரின் மேற்பட்டைக்கான ரப்பரைத் தயாரித்தது. பழைய டயருக்கு உயிர் கொடுத்த பிறகே அது புது டயர் உற்பத்தியில் இறங்கியது.

ஆகவே, ஒட்டுவது கஞ்சத்தனம் அல்ல. விமான டயர்களுக்கே மேற்பட்டை மாற்றுகிறார்கள். ஆனால் அளவறிந்து செய்ய வேண்டும். சாலையில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை என்றால், டயரைக் கழற்றி உட்புறமாக அடைக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவர் கிழிந்தாலோ, உள்ளிருக்கும் நூலிழை தெரிந்தாலோ தயங்காமல் மாற்றிவிடுங்கள். அங்கே சிக்கனம் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

சரிசெய்யக்கூடிய டயரைக் குப்பையில் வீசுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த ரப்பருக்கு நம் தாத்தா பாட்டிகள் கொடுத்த விலை மிக அதிகம்.