கழலை, கத்தி, கல்லுப்பு

மனித உடம்பிலேயே நெரிசல் மிகுந்த இடம் எது என்று கேட்டால், நான் கழுத்தைத்தான் சொல்வேன். நாலைந்து அங்குல உயரத்துக்குள் மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள், திரும்பக் கொண்டுவரும் சிரைகள், ஏழு எலும்புகள், அவற்றுக்குள் தண்டுவடம். போதாததற்கு, குரலை இயக்கும் நரம்பு ஒன்று மூளையிலிருந்து கிளம்பி, குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கி, இடப்பக்கம் இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறது. இந்த நரம்பை வெட்டினால் கத்திக்கொண்டிருக்கும் பன்றி சட்டென்று ஊமையாகிவிடும் என்பதை ரோமாபுரியில் காலன் இரண்டாம் நூற்றாண்டிலேயே எல்லோர் முன்னாலும் செய்து காட்டியிருக்கிறார்.

அந்த நரம்பு மேலே ஏறும் வழியில், மூச்சுக்குழாயை முன்பக்கமாகக் கட்டிப்பிடித்தபடி, 20 கிராம் எடையில் ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு. 1656-ல் இதற்கு அந்தப் பெயரை வைத்த ஆங்கிலேயர் தாமஸ் வார்ட்டன், கழுத்தை, முக்கியமாகப் பெண்களின் கழுத்தை, அழகாக உருட்டிக் காட்டுவதும் இதன் வேலைகளில் ஒன்று என்று நினைத்தார். சிரிப்பு வரலாம். ஆனால் அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளாகியும் இது எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஏன்னா இதற்குக் குழாய் கிடையாது. உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரி எதையும் வெளியே ஊற்றுவதாகத் தெரியவில்லை.

வேலை தெரியாவிட்டாலும் நோய் தெரியும். ஆல்ப்ஸ் மலை ஊர்களில் கழலை சர்வசாதாரணம். கழுத்தின் முன்பக்கம் எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு என்று வீங்கி, சிலருக்கு மூச்சையே அடைத்துவிடும். அறுத்து எடுக்கலாம் என்றால், இந்தச் சுரப்பிக்குள் ரத்த ஓட்டம் அவ்வளவு அதிகம். கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. 1850-ல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த அறுவைசிகிச்சையே கூடாது என்று சொல்லிவிட்டது. சூரிச்சில் பில்ரோத் 20 பேருக்குச் செய்து பார்த்தார். 8 பேர் இறந்துபோனார்கள். பல வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

பெர்ன் நகரத்துக் கத்தி

இந்த நிலைமையை மாற்றியவர் தியோடர் கோக்கர். 1872-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் ஆனார். அவசரமே படாத மனிதர். ஒவ்வொரு ரத்தக்குழாயாகப் பிடித்து, கட்டி, பிறகுதான் அறுப்பார். கூடவே கிருமிநீக்கமும் வந்துசேர்ந்தது. ஆரம்பத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருந்த இறப்பு, 1890களின் கடைசியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனது. அவர் வாழ்நாளில் இந்த ஒரு அறுவைசிகிச்சையை மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக்கதை.

1874 ஜனவரியில் கோக்கர் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பியை மொத்தமாக எடுத்தார். காயம் ஆறி வீட்டுக்குப் போனாள். ஆனால் சில காலம் கழித்து, அவளிடம் ஏதோ சரியில்லை என்று அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. கோக்கர் அப்போது அதைப் பெரிதாகத் தொடரவில்லை. 1882-ல் ஜெனிவாவின் ரெவெர்டன் என்ற அறுவைசிகிச்சையாளர், தன்னுடைய நோயாளிகள் சிலர் மந்தமாகிப் போவதைக் கோக்கரிடம் சொன்னார். அதன் பிறகுதான் அவர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்லி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அந்தச் சிறுமியும் வந்தாள். அறுவைசிகிச்சைக்கு முன்னால் அவளும் தங்கையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பார்களாம். இப்போது தங்கை வளர்ந்து பெண்ணாக நிற்கிறாள். அக்கா வளரவே இல்லை. முகம் உப்பி, பேச்சும் யோசனையும் இழுத்து இழுத்து. மொத்தச் சுரப்பியையும் எடுத்த 34 பேரில் 18 பேரைக் கோக்கரால் நேரில் பார்க்க முடிந்தது. அதில் 16 பேருக்கு இதே கதி.

பழைய கோடில் யாரும் கூப்பிடாத மாதிரி தெரியும் ஒரு ஃபங்ஷனை "தேவையில்லை" என்று அழித்துவிட்டு, மூணு மாசம் கழித்து எங்கேயோ ஒரு ரிப்போர்ட் உடைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வித்தியாசம், இங்கே பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.

கோக்கர் இதை மறைக்கவில்லை. 1883-ல் பெர்லினில் ஜெர்மன் அறுவைசிகிச்சையாளர்கள் கூட்டத்தில் எண்ணிக்கையோடு எழுந்து சொன்னார். இனி புற்றுநோய் இல்லாதவருக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் அறுவைசிகிச்சையாளர் அவர்தான். அந்தப் பரிசுக்குக் காரணமான அறிவில் பாதி, அந்த 16 பேரிடமிருந்து வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஒரு காண்டாமிருகம், 870 ஆடுகள்

இதில் இன்னொரு புதிர். கோக்கரின் நோயாளிகள் மந்தமானார்கள். பில்ரோத் அப்போது வியன்னாவுக்குப் போய் இதே அறுவையை மறுபடி ஆரம்பித்திருந்தார். அவருடைய நோயாளிகளுக்கோ கைவிரல்கள் இழுத்துக்கொண்டு வலிப்பு வந்தது. ஒரே அறுவைசிகிச்சை, இரண்டு விளைவு. ஏன்?

தைராய்டின் முதுகில் அரிசி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைப்பது அவற்றின் வேலை. இதை முதலில் கவனித்தவர் ரிச்சர்ட் ஓவன். பார்த்தது மனிதரில் அல்ல, லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்துப்போன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தில்! மனிதரில் இருப்பதை 1880-ல் ஸ்வீடனில் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் கண்டுபிடித்து எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

இருவரின் வேலையையும் அறிந்திருந்த அமெரிக்கர் ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் ஒரு விளக்கம் சொன்னார். பில்ரோத் வேகமானவர். தைராய்டில் கொஞ்சத்தை விட்டுவிட்டு, பாராதைராய்டை வாரிக்கொண்டு போயிருப்பார். கோக்கர் நிதானமானவர். பாராதைராய்டைக் காப்பாற்றி, தைராய்டை மிச்சமில்லாமல் எடுத்திருப்பார். அதாவது கோக்கரின் சுத்தமான கைதான் அவர் நோயாளிகளுக்கு வினையானது.

இழந்த சுரப்பியை ஈடுகட்ட முடியுமா? 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். மந்தமாகக் கிடந்தவர் எழுந்து நடமாடினார். பின்னாளில் அதையே வாய்வழியாக எடுத்துக்கொண்டு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மர்ரே பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். இன்று காலையில் வெறும் வயிற்றில் போடும் அந்தச் சின்ன மாத்திரையின் முன்னோடிகள் அந்த ஆடுகள்.

உப்பு

ஆனால் கழலை ஏன் வருகிறது? பதில் ரொம்ப நாளாகப் பக்கத்திலேயே இருந்தது. 1811-ல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்ட்வா அயோடினைக் கண்டுபிடித்தார். 1820-ல் ஜெனிவாவின் க்வாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். வீக்கம் குறைந்தது. ஆனால் அளவு தெரியாமல் ஆளாளுக்குக் குடித்துப் பலர் படபடப்பில் அவதிப்பட்டார்கள். அயோடினுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. 1895-ல்தான் பாவ்மன் தைராய்டுக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார்.

தைராய்டு தன் ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். கிடைக்காவிட்டால், இருக்கிற கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளச் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதுதான் கழலை. பனியும் மழையும் மலை மண்ணின் அயோடினைக் கழுவிக் கடலில் சேர்த்துவிடும். அதனால்தான் ஆல்ப்ஸிலும் இமயத்திலும் இந்த நோய்.

அமெரிக்காவின் அக்ரன் நகரப் பள்ளிகளில் 1917 முதல் டேவிட் மரைன் சோதித்துப் பார்த்தார். அயோடின் எடுத்த 2,190 மாணவிகளில் 5 பேருக்கு மட்டும் சுரப்பி வீங்கியது. எடுக்காத 2,305 பேரில் 495 பேருக்கு. 1922-ல் சுவிட்சர்லாந்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் 1956-ல் இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியின் குழு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. ஒரு லட்சம் பேர் அளவிலான மக்கள், மூன்று பகுதிகள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, நடுவில் ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் போன பகுதிகளில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் மாற்றமில்லை. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதன் அடிப்படையில்தான் வந்தது. சாதா உப்புப் பகுதிக்கும் அதன் பிறகு அயோடின் போனது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. சுவிட்சர்லாந்து முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. தெரிந்த ஒன்றை நிரூபிக்க ஒரு பகுதி மக்களைக் காத்திருக்க வைக்கலாமா? கர்ப்பிணிக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அது பிறகு சரியாகாது. மறுபக்கம், இந்திய உப்பில், இந்திய மழையில், இந்தியக் கடைகளில் இது நிற்குமா என்று காட்டாமல் அரசு நாடு முழுக்க இறங்கியிருக்காது என்பதும் நிஜம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மூட முடியாது.

நம்ம ஊர்க்கதைக்கு வருவோம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பளங்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசி இடமும் தமிழ்நாட்டுக்குத்தான். காரணம் வேறெங்கும் இல்லை, நம் சமையலறையின் உப்பு ஜாடியில் இருக்கிறது. கல்லுப்பு.

"கடலிலிருந்துதானே வருகிறது, அதில் இல்லாத அயோடினா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடல்நீரில் அயோடின் ரொம்பக் கொஞ்சம், உப்பளத்தில் படிகமாகும்போது அதில் தங்குவது அதைவிடக் கொஞ்சம். நம் தேவைக்குப் போதாது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். எழுபது வருட ஆயுளுக்கும் சேர்த்தால் நாலு கிராம்கூட வராது, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

இதற்காக உப்பை அதிகம் போடச் சொல்லவில்லை. போடுகிற உப்பை மாற்றினால் போதும். இன்று நம் ஊரில் பலருக்கு இருக்கும் தைராய்டு குறைபாட்டுக்கு உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதும் ஒரு முக்கியக் காரணம். அதை உப்பு சரிசெய்யாது, அதற்கு மருத்துவர்தான். கல்லுப்பின் ருசிதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.