கொதிகலனும் கோவையும்: பொருட் பாதுகாப்புச் சான்றிதழின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருள் பாதுகாப்பானது என அறிவிக்கும் முத்திரையை இன்று மின்னழுத்தி முதல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் வரை எங்கும் காண்கின்றோம். அம்முத்திரையின் பின்னால் ஒரு கோவை இருத்தல் வேண்டும். பொருளின் வரைபடம், மூலப்பொருளின் தரம், பொறியியற் கணிப்புகள், பரிசோதனைப் பெறுபேறுகள், பரிசோதித்தவரின் கையொப்பம் என்பன அதில் அடங்கும். முத்திரை கூறுவது முடிவை. கோவை கூறுவது அம்முடிவிற்கான ஆதாரத்தை. இவ்விரண்டும் இணைந்த வரலாறு பெரிதும் நீராவிக் கொதிகலன்களின் வரலாறேயாகும்.

ஜேம்ஸ் வாட்டின் ஆக்கவுரிமை 1800இல் முடிவுற்றதும் உயர் அமுக்க நீராவிப்பொறிகள் பெருகலாயின. 1803இல் கிறீனிச்சில் றிச்சட் ட்ரெவிதிக் அமைத்த கொதிகலனொன்று வெடித்து நால்வர் மாண்டனர். இதன் பின்னர் அவர் இரண்டாவது பாதுகாப்பு வால்வையும், மிகை வெப்பத்தில் உருகிவிடும் ஈய அடைப்பையும் கொதிகலனிற் பொருத்தினார். பரிகாரம் கருவியிலேயே தேடப்பட்டது. கொதிகலன் எத்தகைய இரும்பினால் ஆனது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை எழுதிவைக்கும் வழக்கம் அன்று வேரூன்றியிருக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே நீராவிக் கப்பல் விபத்துகள் அரசினைத் தலையிடச் செய்தன. 1838ஆம் ஆண்டுச் சட்டம் போதிய பயன் தராமையால் 1852இல் கடுமையான சட்டமொன்று இயற்றப்பட்டது. கொதிகலன் தகடுகளில் உற்பத்தியாளரின் பெயர் பொறிக்கப்படல் வேண்டும், நீரமுக்கப் பரிசோதனை நடத்தப்படல் வேண்டும், பரிசோதகர் சான்றிதழ் வழங்கல் வேண்டும் என அது விதித்தது.

எனினும், சான்றிதழ் மட்டும் உயிரைக் காக்காது என்பதைச் சுல்தானா என்னும் கப்பலின் அழிவு உணர்த்திற்று. 1865 ஏப்பிரலில் சென் லூயிஸ் நகரில் அக்கப்பல் பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றது. சில நாட்களின் பின் விக்ஸ்பேர்க்கில் அதன் கொதிகலனொன்றில் ஒழுக்குக் காணப்பட்டது. பழுதுற்ற தகடுகளை மாற்றுவதற்குக் காலம் வேண்டியிருந்தது. சிறையிலிருந்து மீண்ட போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கூலியோ காத்திருந்தது. எனவே மூலத் தகட்டினும் மெல்லிய ஒட்டுத்தகடு அவசரமாகப் பொருத்தப்பட்டது. 376 பேரை ஏற்ற அனுமதி பெற்ற கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏற்றப்பட்டனர். ஏப்பிரல் 27இல் மெம்பிஸ் நகருக்கு அண்மையில் கொதிகலன்கள் வெடித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பின் காரணம் குறித்து வேறுபட்ட கருத்துகள் உள்ளன. ஆயினும், சான்றிதழ் பெற்ற கொதிகலன் வேறு, வெடித்த கொதிகலன் வேறு என்பது தெளிவு. இடையில் நிகழ்ந்த மாற்றம் சான்றிதழைத் திருத்தவில்லை. மெலிந்த தகட்டிற்கேற்ப வேலை அமுக்கமும் குறைக்கப்படவில்லை.

இக்காலத்தில் வேறொரு முறையும் உருவாகியது. மன்செஸ்ரரில் வில்லியம் பெயார்பேண் முதலானோரின் முயற்சியால் 1850களின் நடுப்பகுதியில் கொதிகலன் பாவனையாளர் சங்கம் தோன்றியது. மன்ஹைம் நகரின் மதுவடிசாலையொன்றில் 1865இல் நிகழ்ந்த வெடிப்பைத் தொடர்ந்து, 1866இல் அங்கும் மேற்பார்வைச் சங்கமொன்று அமைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹாட்போட் நகரிற் கொதிகலன் காப்புறுதிக் கம்பனியொன்று நிறுவப்பட்டது. வெடித்த பின் விசாரிப்பதைவிட, வெடிக்குமுன் கிரமமாகப் பார்வையிடுவதே இவற்றின் நோக்கமாயிற்று. காப்புறுதி செய்பவருக்குக் கொதிகலனின் கடந்தகாலம் தெரியாவிடின் நட்டத்தை மதிப்பிட இயலாது. ஆகவே, பதிவுகளைப் பேணும் வழக்கத்தை மனிதாபிமானம் மட்டுமன்றி வணிக நலனும் வளர்த்தது எனலாம். பிரித்தானியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வெடிப்பும் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் அறிவிக்கப்படல் வேண்டுமெனப் பணித்தது.

1905 மார்ச் 20இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் புறொக்ரன் நகரிற் காலணித் தொழிற்சாலையொன்றின் பழைய கொதிகலன் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்த இணைப்பில் உண்டாகும் கீறல் வெளிப்பார்வைக்குப் புலப்படாது. எனவே முடிந்த பொருளைப் பார்ப்பது போதாது, அது ஆக்கப்பட்ட முறையும் அறியப்படல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. 1907இல் அம்மாநிலம் கொதிகலன் விதிகளை இயற்றியது. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் பொதுவான விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. 1919இல் உருவான தேசிய பரிசோதகர் சபை, உற்பத்தியாளரும் பரிசோதகரும் ஒப்பமிட்ட தரவு அறிக்கைகளைப் பதிவு செய்து பேணலாயிற்று. இதன் முக்கியத்துவம் பெரிது. ஆலை மூடப்பட்டாலும், கொதிகலன் கைமாறினாலும் அதன் பிறப்புச் சாட்சியம் அழியாது. உற்பத்தியாளர் பின்னர் அதைத் தனியே மாற்றவும் இயலாது.

இப்பாடம் முற்றாகக் கற்கப்பட்டுவிட்டதா? பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மார்பகத்தினுட் பொருத்தும் சிலிக்கன் பைகளை உற்பத்தி செய்தது. பரிசோதகருக்குக் காட்டிய ஆவணங்களில் அனுமதிக்கப்பட்ட சிலிக்கன். உண்மையிற் பயன்பட்டதோ கைத்தொழிற் சிலிக்கன். பரிசோதகரின் வருகை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டமையால் மறைப்பது எளிதாயிற்று. 2010இல் உண்மை வெளிப்பட்டது. 2013இல் நிறுவனர் மோசடிக் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இந்நிறுவனத்தின் முறைமைக்குச் சான்றளித்த ஜேர்மன் அமைப்பு, 1872இற் கொதிகலன் மேற்பார்வைச் சங்கமாகத் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி மருத்துவ உபகரணக் கோவைகளைப் பத்தாண்டுகளும், உடலினுட் பொருத்துபவற்றின் கோவைகளைப் பதினைந்தாண்டுகளும் பேணுமாறு பணித்தது; முன்னறிவித்தலற்ற பார்வையிடலையும் கட்டாயமாக்கியது.

கோவை பேணுதலை எழுதுவினைஞரின் சிறு கடமையாகக் கருதுவது பொருந்தாது. சுல்தானாவிற் பதிவு பொருளின் மாற்றத்தைப் பின்தொடரவில்லை, பி.ஐ.பி.யில் பதிவே பொய்யுரைத்தது. பொருளோடு சேர்ந்து மாறுவதும், ஆக்கியோன் கையைக் கடந்து பிறரால் ஒப்புநோக்கப்படுவதும் ஆகிய இரண்டு இயல்புகளும் அமைந்த கோவையே முத்திரைக்கு மதிப்பளிக்கும். அவையின்றேல் முத்திரை வெறும் அலங்காரமே.