மீயொலி மோட்டார்

மீயொலி மோட்டார், காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாமல் பீசோ மின் பீங்கானின் அதிர்வால் இயங்குவது. மாறுமின்னழுத்தம் கொடுத்தால் இப்பீங்கான் விரிந்து சுருங்கும். வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்வதால் ஓசை காதுக்கு எட்டாது. அசைவோ சில மைக்ரோமீட்டர்தான். அதை ஓட்டமாக்குவது உராய்வு: நிலைப்பகுதியின் மேற்பரப்புப் புள்ளிகள் நீள்வட்டமாக அசைந்து, மேலே அழுத்தி வைக்கப்பட்ட சுழலியைத் துளித்துளியாகத் தள்ளுகின்றன.

இந்தப் பீசோ மின் விளைவின் கதை ஒரு கல்லில் தொடங்குகிறது. இலங்கையிலிருந்து டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டூர்மலின் கல், சூடேறினால் மின்னேற்றம் பெற்றுச் சாம்பலை இழுத்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெறும் வேடிக்கை. அழுத்தினாலும் அதில் மின்னேற்றம் தோன்றும் என்று ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டினர். மறுதலையாக, மின்சாரம் படிகத்தை உருமாற்றும் என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. முதல் உலகப்போரின்போது இயற்பியலாளர் பால் லாஞ்ச்வான் இதை நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்படுத்தினார்.

1950களில் வந்த காரீய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கான், குவார்ட்ஸ் படிகத்தைவிடப் பல மடங்கு அசைவு தந்தது. மோட்டாருக்கு வழி திறந்தது அதுதான். 1960களில் கீவ் நகரில் லாவ்ரினென்கோவும், 1973இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பார்த்தும் வடிவமைப்புகளை முன்வைத்தனர். தேய்மானமும் சூடும் அவற்றைச் சந்தைக்கு வரவிடவில்லை. 1980களில் ஜப்பானின் சஷிதா, வளையத்தில் அலையை ஓடவிட்டுத் தேய்மானத்தைக் குறைத்தார். 1987இல் கேனான் தன் கேமரா லென்ஸில் இவ்வகை மோட்டாரைப் பொருத்தியது.

மின்காந்த மோட்டாரைச் சிறிதாக்கினால் கம்பி மெலிந்து மின்தடை கூடும், திறன் சரியும், பல்சக்கரமும் தேவைப்படும். பீசோ மோட்டாரைச் சிறுமை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் உராய்வே அதை நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும்; கையடக்கக் கருவிகளில் மின்கலம் மிச்சப்படும். அமெரிக்காவின் நியூ ஸ்கேல் நிறுவனம் உருவாக்கிய ஸ்க்விகிள் மோட்டாரில், நான்கு பீசோ தகடுகள் ஒட்டிய மரையின் அதிர்வில் உள்ளிருக்கும் திருகு சுழன்று முன்னும் பின்னும் நகர்கிறது. முழு மோட்டாரும் சில மில்லிமீட்டரே.

இத்தனை இருந்தும் கைப்பேசிக் கேமராவில் பெருமளவு இடம்பிடித்தது, எளிய, மலிவான சுருள் மோட்டார்தான். மீயொலி மோட்டாருக்கு உயரதிர்வெண் மின்சுற்று தனியே வேண்டும். உராய்ந்து ஓடுவது தேயவும் செய்யும். காந்தப் பொருளை உள்ளே கொண்டுபோக முடியாத எம்.ஆர்.ஐ. அறையில்தான் அதற்கு நிகரான போட்டி குறைவு.